புகை தெரிந்தால் போகலாம்

"வெளிநாடு போகிறாயாமே, பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டாயா?" என்று ஆபீஸில் ஆளுக்கு ஒரு தடவை கேட்டுவிட்டார்கள். நான் போகவேண்டிய வெளிநாடு சென்னையிலிருந்து அறுபது மைல்தான். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் யாருக்கு என்ற பேச்சு மட்டும் முடிந்தபாடில்லை. நான் சர்வே ஆபீஸில் படம் வரைகிறவன். நாகலாபுரத்துக்கு மேற்கே ஒரு மலை முதுகின்மேல் மூன்று பழைய எல்லைக் கற்கள் இருப்பதாகக் காகிதம் சொன்னது. அவை இன்னும் நிற்கின்றனவா என்று கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மலையின் அந்தப் பக்கம் இறங்கி, தும்மலபள்ளி கர்ணத்திடம் ஒரு கையெழுத்து வாங்கிவர வேண்டும். மலைக்கு இந்தப் பக்கம் சென்னை ராஜ்யம். அந்தப் பக்கம் ஆந்திரா. அவ்வளவுதான் என் வெளிநாட்டுப் பயணம்.

ஊத்துக்கோட்டை தாண்டியதும் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி வந்தது. கண்டக்டர் தகர டின்னை எடுத்துக்கொண்டு வயல் கிணற்றுக்குப் போனார். நாங்கள் எல்லோரும் இறங்கி வேப்பமர நிழலில் நின்றோம். பக்கத்தில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாக்கியம் தமிழில் புறப்பட்டுத் தெலுங்கில் போய் இறங்கியது. அடுத்தது தெலுங்கில் ஏறித் தமிழில் இறங்கியது. எங்கே மாறியது என்று கண்டுபிடிக்க நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன், முடியவில்லை. அவர்களில் பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த பஸ்ஸு எந்த ராஜ்யம்னு தெரில சாரு. தண்ணி மட்டும் ரெண்டு ராஜ்யத்துலயும் குடிக்குது" என்றார்.

மலையைச் சுற்றி அந்தப் பக்கம் போவதற்கும் பஸ் உண்டு. ஆனால் அந்த வாரம் எல்லைத் தகராறில் மறியல் நடந்துகொண்டிருந்தது. கடைகள் அடைப்பு, பஸ்கள் எல்லையோடு நிறுத்தம். அதனால் மலை ஏறித்தான் போகவேண்டும் என்று ஆபீஸிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொன்னவர்கள் மலை ஏறியதில்லை.

மலை அடியில் இருக்கும் ஊர் வேலங்காடு. அந்தப் பக்கத்து ஊர் தும்மலபள்ளி. வேல மரத்துக்குத் தெலுங்கில் தும்ம என்று பெயர். ஒரே மரத்தை வைத்து இரண்டு பக்கமும் ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் உறைத்தது.

ஊர் முன்சீப் நல்ல மனிதர், வாய் கொஞ்சம் அதிகம். பள்ளிக்கூடக் கட்டடத்தில் என் பெட்டியை வைக்கச் சொல்லிவிட்டு, "காலைல புகை வந்தா நீங்க போவலாம். கூட்டிக்கினு போவ ஆள் சொல்லிக்கீறேன்" என்றார்.

"என்ன புகை?"

"அதெல்லாம் கன்னியம்மா சொல்லும். மூணாம் கல்லு எங்க கீதுன்னு தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

கன்னியம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புல்லுக்கும் விறகுக்கும் மலை ஏறி ஏறி, கால் இரண்டும் வேல மரத்துக் கட்டையாக இருந்தன. புருஷன் இல்லை. ஒரே பெண்ணை மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். எனக்குக் கேழ்வரகுக் களியும் புளிச்சக்கீரைக் கடைசலும் கொண்டுவந்து வைத்தாள். சென்னை ஹோட்டல் இட்லிக்குப் பழகிய நான் களியை வாயில் போட்டு மென்றேன். வாசலில் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"களிய மென்னு துன்றாரு பாரு! முழுங்குங்க சாரு. அப்பிடியே உருட்டி கீரைல தொட்டு முழுங்கணும்."

விழுங்கினேன். தொண்டையில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. இரண்டாவது உருண்டையிலிருந்து வழி தெரிந்துகொண்டது.

சாப்பிட்டுக்கொண்டே மலை பற்றிக் கேட்டேன். மலையின் மேல் ஒன்றரை மைல் நீளத்துக்கு முதுகுதான் பாதை. மரம் கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது. சில இடத்தில் இரண்டு வண்டி அகலம், சில இடத்தில் மாட்டு முதுகு அகலம், இரண்டு பக்கமும் பள்ளம். ஆடியிலிருந்து புரட்டாசி வரை மேகம் மேற்கேயிருந்து வரும். வேலங்காட்டிலிருந்து பார்த்தால் மேற்கு வானமே தெரியாது, மலை மறைக்கும். மலை உச்சியும் பாதிதான் தெரியும், மீதியை அதன் தோள் மறைக்கும். மேகம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரியும். முதுகின் நடுவில் நிற்கும்போது தெரிந்து என்ன புண்ணியம்?

அதற்கு இவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடுதான் புகை. மலையின் தெற்குக் கடைசியில் தனியாக ஒரு பாறை நிற்கிறது. பெயர் அடுப்புப் பாறை. அது தும்மலபள்ளியைச் சேர்ந்தது, ஆனால் இரண்டு ஊருக்கும் தெரியும். தும்மலபள்ளியில் ஒரு வீட்டுக்காரர் விடியும்போது அதில் ஏறுவார். மேற்கு வானத்தையும் உச்சியையும் பார்ப்பார். நன்றாக இருந்தால் நெருப்பு மூட்டிப் பச்சைத் தழையைப் போடுவார், புகை எழும்பும். வேலங்காட்டுக்காரர்கள் மலை ஏறுவார்கள். நன்றாக இல்லையென்றால் ஒரு வெள்ளை வேட்டியைப் பாறைமேல் விரித்துக் கல் வைப்பார். யாரும் ஏறமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கடல் பக்கமிருந்து வரும். அப்போது இதே வேலையை வடக்குக் கடைசியில் ஒரு பாறையிலிருந்து வேலங்காட்டுக்காரர்கள் அவர்களுக்குச் செய்வார்கள்.

"இதற்குக் கூலி?"

"கூலியா?" என்று கன்னியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எதிர் வீட்ல நெருப்பு புடிச்சா சொல்றதுக்குக் கூலி கேப்பாங்களா?"

இப்போது புகை போடுகிறவர் முனிரத்தினம். கன்னியம்மாவின் சம்பந்தி. அவள் பெண் பச்சையம்மாவின் மாமனார். இதைச் சொல்லிவிட்டு அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தை முன்சீப் சொன்னார்.

வேலங்காட்டுக்காரர்கள் சென்னையோடுதான் இருப்போம் என்று மனு எழுதினார்கள். அதில் கன்னியம்மா ரேகை வைத்திருந்தாள். தும்மலபள்ளிக்காரர்கள் ஆந்திராவோடுதான், மலை மேய்ச்சலும் எங்களுக்கே என்று மனு எழுதினார்கள். அதில் முதல் கையெழுத்து முனிரத்தினம். வீட்டில் அவர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள். ஆனால் பட்டா, பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் தெலுங்கு. பச்சையம்மாவின் வளைகாப்பில் இந்தப் பேச்சு கிளம்பி இலையில் சாப்பாடு காய்ந்துவிட்டதாம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்கவேண்டும். "என் பேரனை இன்னொரு ராஜ்யத்துல பெத்துக்க அனுப்பமாட்டேன்" என்று முனிரத்தினம் பெண்ணை அனுப்பாமல் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து சம்பந்திகள் பேசிக்கொள்வதில்லை. பெண்ணுக்கு இது பத்தாம் மாதம்.

"கேட்டீங்களா சாரு, எல்லை எங்க வந்து நிக்குதுன்னு" என்றார் முன்சீப்.

மறுநாள் விடிகிற நேரம். ஊர் நடுப் புளியமரத்தடியில் ஏழெட்டுப் பேர் தெற்கே பார்த்து நின்றார்கள். எனக்குக் கல்லும் வானமும்தான் தெரிந்தன. "துணி" என்றாள் கன்னியம்மா. பெட்டியிலிருந்து பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். பாறைத் தலையில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை. இரண்டரை மைல் தூரத்து அரிசியை இவர்கள் வெறுங்கண்ணால் பார்க்கிறார்கள்.

ஆனால் வானம் கழுவித் துடைத்த மாதிரி நீலமாக இருந்தது. நான் கொண்டுபோயிருந்த காற்றழுத்தமானியில் முள் நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. முந்தைய நாள் பேப்பரிலும் வறண்ட வானிலை என்றுதான் போட்டிருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் வீணாகிறதே!

"இந்த ஆகாசத்துல எங்க சாரு மழை வரும்?" என்றார் முன்சீப். "வேணும்னே பண்றான். மனு போட்ட கோவம். சர்வே நடக்கக்கூடாதுன்னு பாக்கறான்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. கன்னியம்மா கூடையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். சாயங்காலம் பிரசவம் பார்க்கப் போகவேண்டியவள் போல அவள் முகத்தில் அவசரம் இருந்தது. இருந்தும் துணி என்றால் துணிதான்.

பதினொரு மணி இருக்கும். மரப்பாலத்தின்மேல் பாரவண்டி ஓடுகிற சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டது. நான் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றேன். மலையின் பின்னாலிருந்து கறுப்பு எழும்பி, முதுகைத் தொட்டு, கால் மணியில் முதுகையே காணாமல் அடித்துவிட்டது. மூன்று முறை மின்னல் இறங்கியது. மூன்றும் முதுகின்மேல். ஊரில் பத்துச் சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். நாங்கள் கிளம்பியிருந்தால் அந்த நேரம் சரியாக நடு முதுகில் இருந்திருப்போம். நான் காற்றழுத்தமானியைப் பேசாமல் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

மத்தியானம் கன்னியம்மா வந்தாள். அதே இடத்தில்தான் அவள் தகப்பனார் போனாராம்.

"எங்க நைனா வெத்தலைப் பாக்கு மாதிரி புகைய லேசா நெனச்சவரு. 'நான் பாக்காத மேகமா'ன்னு போனாரு. மூணாம் கல்லாண்ட கெடந்தாரு. நானும் எங்க அம்மாவும் போய்த் தூக்கிக்கினு வந்தோம். அன்னிக்கி துணி போட்டது முனிரத்தினத்தோட நைனா."

"உங்கள் சம்பந்தி கோபத்தில் துணி போட்டாரோ என்று நான் நினைத்துவிட்டேன் அம்மா."

"அவரு என்கிட்ட கோவப்படுவாரு. மலைகிட்ட பொய் சொல்லமாட்டாரு."

முன்சீப் மட்டும் அசையவில்லை. "ஒரு தபா சரியாப் போச்சு" என்றார்.

அன்று பொழுது போகவில்லை. கன்னியம்மா ஒரு மூட்டை கட்டினாள். சுக்கு, பெருங்காயம், ஒரு சீசா நல்லெண்ணெய், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய சேலைத் துண்டுகள். ஏன் என்னோடு வழிகாட்டியாக வர ஒப்புக்கொண்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேட்டதற்கு ஒளிக்காமல் சொன்னாள்.

"தானா போனா, வந்துட்டா பாருன்னு நெனப்பாரு. சர்க்கார் வேலையா வந்தேன்னா யாரு இன்னா கேக்கறது? உங்களுக்குக் கல்லு, எனக்குப் பொண்ணு."

மூன்றாம் நாள் காலை. புளியமரத்தடியில் ஆட்கள் நின்றார்கள். கன்னியம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். நானும் பைனாகுலரில் பார்த்தேன். புகை இல்லை. துணியும் இல்லை. வெறும் பாறை.

காத்திருந்தோம். வெயில் மலைத் தோளில் ஏறியது. அப்போதும் வெறும் பாறைதான்.

"நான் சொன்னேனா இல்லியா?" என்றார் முன்சீப். "நிறுத்திட்டான்! ராஜ்யம் வேற ஆனப்பறம் நமக்கு இன்னாத்துக்குப் புகைன்னு நிறுத்திட்டான். நாமளும் ஐப்பசில நிறுத்துவோம். அப்பத் தெரியும்."

கூட்டத்தில் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். கன்னியம்மா என்னிடமிருந்து பைனாகுலரை வாங்கினாள். திருப்பிப் பிடித்துப் பார்த்து, நான் சரிசெய்து கொடுத்த பிறகு வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல பொய் தெரியுமா சாரு?"

"தெரியாது."

அவள் வீட்டுக்குள் போய் மூட்டையோடு வந்தாள். "நான் போறேன்" என்றாள்.

முன்சீப் திடுக்கிட்டுப் போனார். "புகை இல்லாம போவக்கூடாதுன்னு ஊருக்கே சொல்றவ நீதான! உங்க நைனா கதைய மறந்துட்டியா?"

"துணி போட்டிருந்தா நான் போவமாட்டேன். துணியும் இல்லியே. ஜுரம் வந்தாலும் கம்பளியப் போத்திக்கினு ஏறுவாரு அந்த மனுசன். அவங்க பொண்சாதி செத்த அன்னிக்கிகூட ஏறித் துணி போட்டுட்டு வந்துதான் கொள்ளி வெச்சாரு. இன்னிக்கி ஏறலன்னா அவரால வீட்ட வுட்டு நவுற முடில. அந்த வீட்ல கீறது எம்பொண்ணு."

என்னைப் பார்த்து, "நீங்க வராதீங்க சாரு. உங்க கல்லு எங்கியும் போவாது" என்றாள்.

நான் வீரன் இல்லை. நேற்றைய மின்னல் இன்னும் கண்ணில் இருந்தது. ஆனால் ஒரு பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து களி விழுங்க மனம் வரவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புகை இல்லாமல் இவள் எப்படி வானத்தைப் பார்க்கப்போகிறாள் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

ஏறும்போது கேட்டாள்: "அந்த டப்பா இன்னா சொல்லுது?"

"ஒன்றும் சொல்லவில்லை."

"நேத்தும் ஒண்ணும் சொல்லலியே" என்றாள். அதோடு அதைப் பற்றிய பேச்சு முடிந்தது.

இரண்டு மணி நேரம் ஏறி மலைத் தோளுக்கு வந்தோம். அங்கே முதுகு தொடங்கும் இடத்தில் ஆள் உயரக் கல் ஒன்று. அதன்மேல் ஏறித் தலையை நீட்டினால்தான் மேற்கு வானம் தெரியும். அவள் ஏறிப் பார்த்தாள். என்னையும் ஏற்றினாள். தூரத்தில், புத்தூர் பக்கத்து மலைகளுக்கும் அப்பால், வெள்ளையாக நாலைந்து மேகக் குவியல். தலை வெள்ளை, அடி கறுப்பு. எனக்கு அவை அழகாகத்தான் தெரிந்தன.

அவள் காய்ந்த புல்லைக் கசக்கிக் கையை உயர்த்தி விட்டாள். புல் எங்கள் முதுகுப் பக்கமிருந்து மேற்கே, மேகத்தைப் பார்த்துப் பறந்தது. அவள் முகம் மாறியது.

"அது நம்மகிட்டேர்ந்து காத்த இழுக்குது. அப்பறம் அதுவே வரும். இங்க இருந்து அது வர ரெண்டு வெத்தலை நேரம் கீது."

"ரெண்டு வெற்றிலையா?"

"ஒண்ணு போட்டு மென்னு துப்பறதுக்குள்ள ரெண்டாம் கல்லு தாண்டணும். இன்னொண்ணு முடியறதுக்குள்ள எறங்கிடணும். அதுக்கு மேல நின்னா நம்ம கணக்கு முடிஞ்சிச்சு. வரீங்களா, திரும்பறீங்களா? இப்பச் சொல்லிடுங்க."

கடிகாரம் என் கையில் இருந்தது. அதைப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் தாடையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

முதல் கல் நேராக நின்றது. நடந்துகொண்டே குறித்தேன். அதன் பிறகு முதுகு குறுகியது. இடது பக்கம் சென்னை ராஜ்யம், வலது பக்கம் ஆந்திரா, இரண்டும் ஒரே ஆழம். ஓர் இடத்தில் எனக்குக் கால் வரவில்லை. உட்கார்ந்து நகர்ந்தேன். அரசாங்கக் கால்சட்டையின் பின்பக்கம் அங்கே கிழிந்தது.

"கீழ பாக்காதீங்க. என் குதிகாலப் பாருங்க" என்றாள் முன்னாலிருந்து.

குதிகாலைப் பார்த்தேன். வெடித்த குதிகால், அதில் சேற்றுக் கோடுகள். அதைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் கல்லைத் தாண்டிவிட்டேன். அது சாய்ந்திருந்தது. அவள் துப்பிவிட்டு அடுத்த வெற்றிலையை மடித்தாள். காற்று நின்றது. அதுவரை இடப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டிருந்த காற்று விசிறியை மடித்த மாதிரி நின்றுவிட்டது. பிறகு வலப் பக்கமிருந்து குளிர்ந்து வீசியது. அவள் பாதி மென்ற வெற்றிலையைத் துப்பிவிட்டாள்.

"ஓடுங்க" என்றாள்.

மூன்றாம் கல் பாதியாக உடைந்து, உடைந்த இடம் கறுத்துக் கிடந்தது. ஓடுகிற ஓட்டத்தில் அவள் குனிந்து அதைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், நிற்கவில்லை. நான் நின்றேன். சர்க்கார் உப்பைத் தின்றவன் அல்லவா, அளவு குறிக்கப் பென்சிலை எடுத்தேன். என் கை மயிர் எல்லாம் தானாக எழுந்து நின்றது. பைனாகுலர் பித்தளை மெல்ல இரைந்தது. கன்னியம்மா திரும்பி வந்து என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். அப்படி என்னை என் அம்மாகூட இழுத்ததில்லை.

மரங்கள் தொடங்கும் இடத்துக்கு நாங்கள் இறங்கியபோது முதுகின்மேல் முதல் மின்னல் விழுந்தது. ஒரு பாறைச் சரிவின் கீழே ஒண்டி உட்கார்ந்தோம். மழை கயிறு கயிறாகக் கொட்டியது. அவள் மூட்டையை மடியில் வைத்துச் சேலையால் மூடிக்கொண்டாள். எனக்குப் பல் தந்தியடித்தது.

மூன்றாம் கல்லை நினைவிலிருந்துதான் படத்தில் குறித்தேன். கடைசியில் எல்லை எங்கோ கிழக்கே தள்ளிப் போய், வேலங்காடு, தும்மலபள்ளி இரண்டும் ஆந்திராவிலேயே சேர்ந்துவிட்டன. என் கற்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று அது எங்களுக்குத் தெரியாது.

மழை விட்டதும் இறங்கினோம். கன்னியம்மா நடக்கவில்லை, ஓடினாள். முனிரத்தினத்தின் வீட்டு வாசலில் மாடு அவிழ்க்காத வண்டி நின்றது. உள்ளே பெண்கள் பேச்சு, நடுவில் ஒரு வேதனைச் சத்தம். வாசற்படியில் நெடிய மனிதர் ஒருவர், நரைத்த மீசை, தோளில் கம்பளி. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். பார்வை அவள்மேல் போய், மலைமேல் போய், என்மேல் வந்து நின்றது.

நான் சர்வே ஆபீஸ் ஆள் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. தெலுங்கில் என்னிடம் பேசினார். சென்னையில் கடைக்காரர்களோடு பேரம் பேசிக் கற்ற தெலுங்கு எனக்கு உண்டு, புரிந்தது.

"நேற்று ராத்திரியே வலி எடுத்துவிட்டது. மகன் மறியலில் சித்தூரில் மாட்டிக்கொண்டான். மருத்துவச்சியைக் கூட்டிவர நான்தான் வண்டி கட்டினேன், ஆறு மைல். பாறைக்குப் போக முடியவில்லை. இந்த வீட்டில் இப்படி நடந்ததே இல்லை." தொண்டையைச் செருமினார். "அவளிடம் கேளுங்கள். புகை இல்லாமல் எப்படி வந்தாள் என்று."

அவள் ஒரு கஜ தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தெலுங்கு அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"புகை இல்லாததாலதான் வந்தேன்னு சொல்லுங்க சாரு."

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அவசியம் இருக்கவில்லை. அந்தப் பெரிய மனிதர் முகம் கோணி, கம்பளியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் பக்கம் திரும்பி, தமிழில், நேராக அவளிடமே சொன்னார்.

"உள்ள போ. காலைலேர்ந்து அம்மா அம்மான்னு உன்னத்தான் கூப்பிட்டுக்கினு கீறா."

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. எனக்குச் சங்கடி போட்டார்கள். வேலங்காட்டுக் களிக்கு இங்கே சங்கடி என்று பெயர், அதே பானை, அதே துடுப்பு. நான் மெல்லாமல் விழுங்கியதைப் பார்த்து முனிரத்தினம் தலையை ஆட்டினார். குழந்தையை ஏந்த மெத்தென்று துணி கேட்டிருக்கிறார்கள். கன்னியம்மாவின் மூட்டை மழையில் நனைந்துவிட்டிருந்தது. முனிரத்தினம் கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியை உருவிக் கொடுத்துவிட்டார். பாறைமேல் விரிக்கும் வேட்டி அது.

மறுநாள் விடியும்போது அவரோடு நானும் அடுப்புப் பாறைக்கு ஏறினேன். மேற்கே மேகம் மூட்டமாக நின்றது. அவர் பழக்கத்தில் தோளுக்குக் கையைக் கொண்டுபோனார். தோளில் கம்பளிதான் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கால்சட்டை கிழிந்ததால் நான் வேட்டி கட்டியிருந்தேன். வேறு வழி? அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் தன் கம்பளியை எனக்குச் சுற்றிவிட்டார். என் எட்டு முழத்தைப் பாறைமேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார்.

"கோடு போட்டப்பறம் இன்னொரு ராஜ்யத்துக்குத் துணி காட்டறதுக்கு உத்தரவு வாங்கணுமா சாரு?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியவில்லை" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

பைனாகுலரில் வேலங்காட்டைப் பார்த்தேன். புளியமரத்தடியில் யாரோ தனியாக, கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளைத் தலைப்பாகை. முன்சீப்.

"யாரு நிக்கறது?"

"முன்சீப்."

"பாத்துட்டாரா?"

முன்சீப் கையை இறக்கி, ஊர்ப் பக்கம் திரும்பி யாரையோ கையாட்டி அழைத்துவிட்டு, தெருவுக்குள் வேகமாக நடந்தார்.

"பாத்துட்டாரு" என்றேன்.

"அப்ப போதும்" என்று சொல்லி முனிரத்தினம் இறங்கத் தொடங்கினார்.